ஏழு பேர், நான்கு பேர்

வசந்தம் 1968 – பகுதி 9

இதுவரை நடந்தது:

1968 ஜனவரி 5 அன்று செக்கோஸ்லோவாகியக் கம்யூனிஸ்ட் கட்சியின் முதல் செயலாளர் பதவியிலிருந்து அன்டோனின் நொவோட்னி இறக்கப்பட்டார். அந்த இடத்துக்கு அலெக்சாண்டர் துப்செக் வந்தார். ஸ்லோவாக்கியர், தச்சரின் மகன், சிறுவயதைச் சோவியத் நாட்டில் கழித்தவர். மார்ச் முடிவதற்குள் குடியரசுத் தலைவர் பதவியும் நொவோட்னியிடமிருந்து போய், முதிய ராணுவ வீரர் லுட்விக் ஸ்வோபோடாவிடம் வந்தது. ஏப்ரலில் கட்சி தன் செயல்திட்டத்தை வெளியிட்டது. பேசலாம், எழுதலாம், கூட்டம் கூடலாம், வெளிநாடு போய் வரலாம். தொழிற்சாலைகள் பொதுச் சொத்தாகவே இருக்கும். கட்சியே தலைமை தாங்கும்.

சோஷலிசமும் தனிமனித சுதந்திரமும் ஒரே கூரையின் கீழ் வாழுமா என்ற பழைய வாக்குவாதத்தை ஒரு நாடு நடத்திப் பார்க்கவே கிளம்பிவிட்டது. இனி, ஜூன் 26.

*

அன்று தேசிய சபை பத்திரிகைத் தணிக்கையைச் சட்டப்படி ஒழித்தது.

நடைமுறையில் தணிக்கை மார்ச் மாதமே செத்துப்போயிருந்தது. அச்சுக்குப் போகும்முன் பார்க்கும் வழக்கம் வேண்டாம் என்று தணிக்கை அலுவலகத்துக் கட்சிக் கிளையே தீர்மானம் போட்ட விசித்திரமும் நடந்தது. 1952இல் ருடோல்ஃப் ஸ்லான்ஸ்கி உள்ளிட்ட பதினொரு பேரைத் தூக்கில் போட்ட பொய் வழக்கைப் பற்றிப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. பழைய கைதிகள் பேசினார்கள். அவர்களில் கம்யூனிஸ்டுகளும் இருந்தார்கள். தேசிய சபையின் புதிய தலைவர் யோசெஃப் ஸ்மிர்கோவ்ஸ்கியே 1950களில் தன் சொந்தக் கட்சியின் சிறையில் இருந்தவர்தான்.

சட்டம் நிறைவேறிய மறுநாள், ‘லிதெரார்னி லிஸ்தி’ என்ற இலக்கிய வார இதழில் ஓர் அறிக்கை வந்தது. தலைப்பு ‘இரண்டாயிரம் சொற்கள்’. எழுதியவர் நாவலாசிரியர் லுட்விக் வாசுலீக். முந்தைய ஆண்டு எழுத்தாளர் மாநாட்டில் தலைமையைத் தாக்கிப் பேசியதற்காகக் கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். கீழே சுமார் எழுபது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வென்ற ஓட்டக்காரர் எமில் ஸாடொபெக் இருந்தார். ஜிம்னாஸ்டிக் வீராங்கனை வெரா சாஸ்லாவ்ஸ்கா இருந்தார். அவர்களோடு விஞ்ஞானிகள், விவசாயிகள், தொழிலாளர்கள்.

சோஷலிசம் வேண்டாம் என்று அந்த அறிக்கையில் ஒரு வரி கிடையாது. சீர்திருத்தம் மேலிருந்து தானாக இறங்கி வரும் என்று காத்திருக்காதீர்கள் என்றுதான் சொன்னது. உங்கள் ஊரில் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியவர் இன்னும் பதவியில் இருக்கிறாரா? கூட்டம் போடுங்கள். தீர்மானம் நிறைவேற்றுங்கள். தேவைப்பட்டால் வேலைநிறுத்தம் செய்யுங்கள். வெளியிலிருந்து படை வந்தால் ஆயுதம் ஏந்தியும் அரசின் பக்கம் நிற்போம் என்ற பொருளிலும் ஓரிடம் இருந்தது.

கட்சித் தலைமை உடனே கூடிக் கண்டனம் தெரிவித்தது. துப்செக்குக்கும் எரிச்சல்தான். ஏற்கெனவே மாஸ்கோ முறைத்துக்கொண்டிருக்கிறது, இந்த நேரத்திலா என்று.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நள்ளிரவில் வாசுலீக்கின் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. இதழ் நிறுத்தப்படவில்லை. அறிக்கைக்கு ஆதரவாகக் கையெழுத்துகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன.

என்னைக் கேட்டால், அந்த எட்டு மாதங்களில் நடந்தவற்றிலேயே பெரிய சம்பவம் இந்த நடக்காத கைதுதான். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி ஒரு கட்டுரையைக் கண்டிக்கிறது, கட்டுரையாளர் அடுத்ததை எழுத உட்காருகிறார். சோவியத் அணி நாடுகளில் அதுவரை இப்படி ஒன்றைப் பார்த்தவர்கள் குறைவு.

*

இங்கே ஒரு தவறான கணக்கைத் திருத்திவிட்டுப் போகலாம். ஓட்டா ஷிக் என்ற பொருளாதார நிபுணர் சோஷலிசத்துக்குள் சந்தையைக் கொண்டுவர முயன்றார், அது மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் அந்த ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் வந்தன என்று பலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவது உண்டு.

அப்படியானால் ஹங்கேரியை என்ன செய்வது? அதே 1968 ஜனவரி 1 அன்று ஹங்கேரி தன் புதிய பொருளாதார முறையைத் தொடங்கியது. மேலிருந்து வரும் உற்பத்திக் கட்டளைகள் போயின, பல பொருள்களின் விலையைச் சந்தை தீர்மானித்தது, லாபத்துக்கு மரியாதை வந்தது. மாஸ்கோ தடுக்கவில்லை. அந்த ஹங்கேரியின் சிப்பாய்களும் ஆகஸ்டில் எல்லையைக் கடந்து வந்தார்கள்.

லாபத்தைச் சகித்துக்கொள்ள முடிந்தவர்களால் கேள்வியைச் சகித்துக்கொள்ள முடியவில்லை. பிராகாவில் நாளேடு திறந்தால் கட்சியின் மீது கேள்வி. தொலைக்காட்சியைப் போட்டால் மந்திரி பொதுமக்களுக்குப் பதில் சொல்லித் தவித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்திலேயே உக்ரைன். அந்தக் குடியரசின் கட்சித் தலைவர் பெட்ரோ ஷெலஸ்ட், இந்த நோய் எல்லை தாண்டி வருகிறது என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் துப்செக்குக்கும் ஒரு கோடு இருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், உண்மையான ஜனநாயகம் என்றால் எதிர்க்கட்சி வேண்டும் என்று அதே இலக்கிய இதழில் எழுதினார். கட்சி அதை ஏற்கவில்லை. பழைய சமூக ஜனநாயகக் கட்சிக்கு உயிர் கொடுக்க முயன்றவர்களையும் அனுமதிக்கவில்லை. எழுதலாம், பேசலாம், தேர்தலில் எங்களைத் தோற்கடிக்க மட்டும் முடியாது. இந்தக் கோடு எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்? துப்செக்கின் நண்பர்களுக்கே அதில் ஒத்த கருத்து இல்லை.

*

ஜூலை நடுவில் சோவியத் யூனியன், போலந்து, கிழக்கு ஜெர்மனி, ஹங்கேரி, பல்கேரியா ஆகிய ஐந்து நாடுகளின் தலைவர்கள் வார்சாவில் கூடி, பிராகாவுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். உங்கள் நாட்டில் நடப்பது இனி உங்கள் விவகாரம் மட்டுமல்ல என்பது அதன் சாரம்.

பிராகா பணிவாக, ஆனால் வளையாமல் பதில் எழுதியது. கடிதமும் பதிலும் பத்திரிகையில் வந்தன. மக்கள் இரண்டையும் படித்தார்கள்.

ஜூலை 29. ஸ்லோவாக்கியாவின் கிழக்குக் கோடியில், சோவியத் எல்லையை ஒட்டிய சியெர்னா நாட் டிசோ என்ற சிறு ரயில்வே ஊர். ரயில்வே ஊழியர்களின் மன்றக் கட்டடத்தில் பேச்சுவார்த்தை. சோவியத் அரசியல் குழு கிட்டத்தட்ட முழுதாக வந்து இறங்கியது. பகலில் பேச்சு. இரவானால் அவர்களுடைய ரயில் எல்லையைத் தாண்டித் தன் மண்ணுக்குப் போய்விடும், காலையில் திரும்பி வரும்.

அங்கே பேசப்பட்டதில் அரசியலைவிட வசை அதிகம். பிரான்டிசெக் க்ரீகல் என்ற மருத்துவரைச் சோவியத் தரப்பு அவருடைய யூதப் பிறப்பைச் சொல்லியே இழிவுபடுத்தியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிஸ்டுகளுக்கு எதிராகப் போன சர்வதேசப் படையில் வைத்தியம் பார்த்தவர் அவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஷெலஸ்ட் பேசிய பேச்சில் துப்செக் ஒருமுறை எழுந்து வெளியே போய்விட்டார்.

நான்கு நாள் கழித்து ஒரு சமாதானம்போல ஏதோ ஒன்று உருவானது. ஆகஸ்ட் 3 அன்று பிராத்திஸ்லாவாவில் எல்லோரும் கூடிக் கட்டித் தழுவி, முத்தம் கொடுத்து, ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார்கள். நாடு பெருமூச்சு விட்டது.

அதே பிராத்திஸ்லாவாவில் இன்னொரு காகிதமும் கை மாறியது. எதிர்ப்புரட்சி வந்துவிட்டது, உங்களிடம் இருக்கும் எல்லா வழிகளாலும் தலையிடுங்கள் என்று சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு ரஷ்ய மொழியில் எழுதிய ரகசியக் கடிதம். கையெழுத்திட்டவர்கள் செக்கோஸ்லோவாகியக் கட்சியின் உள்ளேயே இருந்த ஐந்து பேர்: பில்யாக், இந்த்ரா, கோல்டர், கபெக், ஷ்வெஸ்ட்கா. கொடுத்த இடம் ஒரு கழிப்பறை. ஷெலஸ்ட் பின்னாளில் சொன்னது இது. வரலாறு சில சமயம் நாடகாசிரியரைவிடக் குரூரமாக இடத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது. கடிதம் பல ஆண்டுகள் மாஸ்கோ ஆவணக் காப்பகத்தில் முத்திரையோடு கிடந்து, 1992இல்தான் வெளியே வந்தது.

*

ஏன் ஆகஸ்ட்? காரணம் நாள்காட்டியில் இருந்தது.

கட்சியின் பதினான்காவது மாநாடு செப்டம்பர் 9 அன்று தொடங்குவதாக இருந்தது. கோடை முழுக்கப் பிரதிநிதிகள் தேர்வு நடந்தது. வந்தவர்களில் பெரும்பான்மை சீர்திருத்தக்காரர்கள். ஆகஸ்ட் 10 அன்று கட்சியின் புதிய விதிமுறைகளின் வரைவு வெளியானது. பதவிகளுக்கு ரகசிய வாக்கெடுப்பு. ஒருவர் எத்தனை காலம் பதவியில் இருக்கலாம் என்பதற்கு வரம்பு. தோற்றுப்போன சிறுபான்மையினர் தங்கள் கருத்தை வைத்துக்கொள்ளவும், அதை மறுபடி விவாதிக்கக் கேட்கவும் உரிமை.

லெனின் காலத்திலிருந்து கட்சியைக் கட்டிவைத்த முடிச்சே இதுதான். முடிவெடுத்த பிறகு மாற்றுக் கருத்து கூடாது. அந்த முடிச்சைத் தளர்த்தும் விதி மாநாட்டில் நிறைவேறினால், கடிதம் எழுதிய ஐந்து பேரும் பதவி இழப்பார்கள். அப்புறம் மாஸ்கோவுக்கு உள்ளே ஆள் கிடையாது.

ஆகஸ்ட் 17. சோவியத் அரசியல் குழு முடிவெடுத்தது. அதே நாளில், எல்லையோரக் கொமார்னோவில், ஹங்கேரியின் யானோஸ் காதார் துப்செக்கைச் சந்தித்தார். 1956இல் சோவியத் டாங்கிகளின் பின்னால் ஆட்சிக்கு வந்தவர் காதார். அவருக்கு வரப்போவது தெரியும். சொல்ல முடியாது. விடைபெறும்போது, யாரோடு விளையாடுகிறீர்கள் என்று உங்களுக்கு நிஜமாகவே தெரியவில்லையா என்ற பொருளில் அவர் கேட்டதாக, துப்செக்கின் சகா ஸ்டெனெக் மிலினார் பின்னர் எழுதினார்.

துப்செக்குக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை. அவர் வளர்ந்த நாடு அது.

*

ஆகஸ்ட் 20, செவ்வாய்க்கிழமை.

பிராகாவில், கட்சி மத்தியக் குழுக் கட்டடம். தலைமைக் குழுவின் கூட்டம் மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கியது. வாக்குரிமை உள்ளவர்கள் பதினொரு பேர். அன்று காலைதான் துப்செக் தன் மனைவியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்திருந்தார்.

பில்யாக்கும் கோல்டரும் ஒரு திட்டத்தோடு வந்திருந்தார்கள். நாட்டின் நிலைமை பற்றிய அறிக்கையை முதலில் எடுத்து, நிலைமை கைமீறிவிட்டது என்று பெரும்பான்மையை வைத்து நிறைவேற்றிவிட வேண்டும். ஆறு கை உயர்ந்தால் போதும். பிறகு வரும் படைகள் அழைப்பின் பேரில் வந்தவையாகிவிடும்.

துப்செக் மாநாட்டு ஏற்பாடுகளை முதலில் எடுத்தார். விவாதம் நீண்டது. மாலையானது. இரவானது. பில்யாக் பொறுமையிழந்து எழுந்து எழுந்து வெளியே போய் வந்தார்.

நள்ளிரவு நெருங்கும் நேரம். பிரதமர் ஓல்ட்ரிச் செர்னீக் தொலைபேசியில் பேசிவிட்டு உள்ளே வந்தார். அந்தப் பக்கம் பேசியவர் பாதுகாப்பு அமைச்சர். நேச நாடுகளின் படைகள் எல்லையைக் கடந்துவிட்டன.

வாழ்நாள் முழுதும் சோவியத் நட்புக்காக உழைத்த எனக்கா இதைச் செய்தார்கள் என்றாராம் துப்செக். இடிந்து உட்கார்ந்துவிட்டார்.

இப்போது என்ன செய்வது? ராணுவத்தை எதிர்க்கச் சொல்ல யாரும் யோசிக்கவில்லை. அன்றிரவு இறங்கிய சிப்பாய்கள் இரண்டு லட்சம் அளவில். ருசினே விமான நிலையம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு காகிதம்தான். மிலினாரும் மற்றவர்களும் ஓர் அறிக்கை எழுதினார்கள். குடியரசுத் தலைவர், தேசிய சபை, அரசு, கட்சித் தலைமை யாருக்கும் தெரியாமல் இது நடந்தது. சோஷலிச நாடுகளின் உறவுக்கும் சர்வதேசச் சட்டத்துக்கும் இது விரோதமானது. மக்கள் அமைதியாக இருக்க வேண்டும், படைகளை எதிர்க்க வேண்டாம்.

வாக்கெடுப்பு.

எதிராக பில்யாக், கோல்டர், ஷ்வெஸ்ட்கா, ரிகோ. நான்கு பேர்.

ஆதரவாக துப்செக், செர்னீக், ஸ்மிர்கோவ்ஸ்கி, க்ரீகல், ஷ்பாசெக். ஐந்து. அப்புறம் யாரும் உறுதியாக நம்பியிராத இருவர், பில்லரும் பார்பீரெக்கும் கை தூக்கினார்கள். ஏழு.

அந்த இரண்டு கைகளைப் பற்றி வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை. இருவரும் வீரர்கள் அல்ல. தயங்கித் தயங்கி நடுவில் நின்ற கட்சிக்காரர்கள். அவை மறுபக்கம் போயிருந்தால் ஆறுக்கு ஐந்து. பிரெஷ்னேவின் கையில் ஒரு அழைப்பிதழ் இருந்திருக்கும். இல்லாமல் போனதால், அடுத்த நாள் விடிந்தபோது உலகம் பார்த்தது அப்பட்டமான படையெடுப்பை.

அறிக்கை வானொலிக்குப் போனது. அறிவிப்பாளர் படிக்கத் தொடங்கினார். முதல் வாக்கியத்தோடு ஒலிபரப்பு நின்றது. தகவல் தொடர்பு நிர்வாகத்தின் தலைவர் கரெல் ஹாஃப்மன் டிரான்ஸ்மிட்டர்களை அணைக்கச் சொல்லிவிட்டார். விடியும் முன் தொழில்நுட்ப ஊழியர்கள் அவற்றை மறுபடி இயக்கினார்கள்.

விடியற்காலையில் சோவியத் பாராசூட் வீரர்கள் துப்செக்கின் அறைக்குள் நுழைந்தார்கள். தொலைபேசிக் கம்பிகள் பிடுங்கப்பட்டன. கொஞ்ச நேரத்தில் உள்நாட்டு ரகசியப் போலீஸ் ஆட்கள் வந்து, இந்த்ரா தலைமையிலான புரட்சி அரசின் பெயரால் உங்களைப் பாதுகாப்பில் எடுக்கிறோம் என்றார்கள். அப்படி ஓர் அரசு அந்த நிமிடம் எங்கும் இல்லை.

*

பிறகும் எங்கும் வரவில்லை. அதற்குக் காரணம் எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஒருவர். புதிய அரசுக்கு ஒப்புதல் கேட்டு வந்தவர்களைக் குடியரசுத் தலைவர் ஸ்வோபோடா திருப்பி அனுப்பினார். இரண்டாம் உலகப் போரில் செம்படையோடு தோளோடு தோள் நின்றவர், ‘சோவியத் வீரர்’ பட்டம் பெற்றவர். அவரைத் துரோகி என்று சொல்ல மாஸ்கோவாலும் முடியாது.

வினோஹ்ராட்ஸ்கா தெருவில் வானொலி நிலையத்தின் முன்னால் மக்கள் பேருந்துகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். அங்கே பலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாடு முழுக்க, அந்த ஆண்டு முடிவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நிலையம் பறிபோன பிறகும் வானொலி மறைவிடங்களிலிருந்து பேசியது. வானொலி கேட்டுக்கொண்டபடி ஊர்ப் பலகைகளும் தெருப் பெயர்களும் ஒரே இரவில் காணாமல் போயின. துப்செக்கின் பெயரையே ஊர்ப் பெயராக எழுதி வைத்தார்கள். மாஸ்கோவுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று வழிகாட்டும் பலகை மட்டும் சில இடங்களில் புதிதாக முளைத்தது.

ஆகஸ்ட் 22. செப்டம்பரில் நடக்க வேண்டிய கட்சி மாநாடு அன்றே நடந்தது. பிராகாவின் விசோச்சனி பகுதியில் ஒரு தொழிற்சாலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், பலர் தொழிலாளர் உடுப்பில், சோவியத் ரோந்துகளைக் கடந்து வந்து கூடினார்கள். புதிய மத்தியக் குழுவைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கே இருக்கிறார் என்றே தெரியாத துப்செக்கைத் தலைவராக்கினார்கள். ரகசியக் கடிதம் எழுதிய ஐந்து பேரும் அந்தக் குழுவில் இல்லை.

உலகம் என்ன செய்தது? ஐ.நா. பாதுகாப்பு சபையில் கண்டனத் தீர்மானத்தைச் சோவியத் யூனியன் வீட்டோ செய்தது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்த நிலைப்பாடு பிடிக்காமல் இந்திரா காந்தியின் அமைச்சரவையிலிருந்து அசோக் மேத்தா விலகினார். ஜனநாயகம் இல்லாத சோஷலிசம் வேண்டாம் என்று பல்லாண்டு எழுதியும் பேசியும் வந்தவர், தன் பேச்சுக்குப் பதவியை விலையாகக் கொடுத்தார். மாஸ்கோவிலேயே, ஆகஸ்ட் 25 அன்று செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் பதாகைகளோடு உட்கார்ந்தார்கள். அவர்களில் கவிஞர் நதாலியா கோர்பனேவ்ஸ்கயா கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். சில நிமிடங்களில் எல்லோரும் பிடிபட்டார்கள்.

*

இப்போது பிரெஷ்னேவுக்கு ஒரு சங்கடம். நாட்டைப் பிடித்தாயிற்று. ஆள்வதற்கு ஒரு செக்கர் கிடைக்கவில்லை. கைதியாக உக்ரைனுக்குக் கொண்டுபோன துப்செக்கை மாஸ்கோவுக்கு அழைத்து வந்து, கிரெம்ளினில் உட்கார வைத்து, தோழரே என்று பேசவேண்டியதாயிற்று. ஸ்வோபோடாவும் பறந்து வந்தார். தன் ஆட்களை விடுவிக்காமல் பேசமாட்டேன் என்றார்.

ஆகஸ்ட் 26. மேசையில் ஓர் ஒப்பந்தம். பதினைந்து அம்சங்கள். விசோச்சனி மாநாடு செல்லாது. பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி மீண்டும் கட்டுப்பாட்டுக்குள். ஐ.நா.வில் விவகாரத்தை எழுப்பக்கூடாது. நிலைமை சீரானதும் படைகள் போகும், தேதி கிடையாது. இந்தக் காகிதம் ரகசியம். பதிலுக்கு, துப்செக் பழைய நாற்காலிக்குத் திரும்பலாம். ஜனவரியில் தொடங்கிய பாதைக்கு ஆதரவு என்று ஒரு வரியும் உண்டு.

துப்செக் உடல்நலம் குன்றி, மயக்க மருந்தின் பிடியில் இருந்தார். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பேனாவை எடுத்தார்கள். அவர்களுடைய கணக்கு கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன். மறுத்தால் தெருவில் ரத்தம் ஓடும். ஒப்புக்கொண்டால் பத்திரிகைச் சுதந்திரம்தான் போகும். தொழிற்சாலைகளில் முளைத்துவந்த தொழிலாளர் மன்றங்கள், ஸ்லோவாக்கியருக்குச் சமவுரிமை தரும் கூட்டாட்சி, பழைய கைதிகளுக்குக் கிடைத்த நீதி ஆகியவற்றைக் காப்பாற்றிவிடலாம்.

அறுபது வயது மருத்துவர் க்ரீகல் மட்டும் பேனாவைத் தொடவில்லை. அவரை மாஸ்கோவிலேயே வைத்துக்கொள்வதாகச் சோவியத் தரப்பு சொன்னது. விமானம் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது.

க்ரீகல் அதில் ஏறினாரா? கேள்வி கேட்கும் உரிமையை மட்டும் விட்டுக்கொடுத்துவிட்டு மற்றதைக் காப்பாற்றலாம் என்ற அந்தக் கணக்கு, பிராகா வந்து சேர்ந்த பிறகு எத்தனை நாள் தாங்கியது?

(தொடரும்)